600 வெள்ளி சைக்கிளும் நான்கு வருடச் செம்மண்ணும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) டவுனை ஒட்டிய தொழிற்சாலைக்கு 9 கிலோமீட்டர். முதல் இரண்டு கிலோமீட்டர் செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை. அதன் பிறகு செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் ஏறி இறங்கி ஓரம் உடைந்துபோன தார்ச்சாலை. கடைசியில் ஈப்போ - கோல கங்சார் பெரிய சாலையில் கொஞ்ச தூரம். வாரத்தில் ஆறு நாள், போக வர 18 கிலோமீட்டர். இந்தப் பாதையில் நான்கு வருடம் உழைத்த ஒரு மலிவு சைக்கிளைப் பற்றிய விவரம் இது: 26 அங்குலச் சக்கரம், சாதாரண இரும்பு ஃபிரேம், ஸ்பிரிங் இல்லாத முன் ஃபோர்க், பின்னால் 7 கியர், வி-பிரேக் (ரிம்மை இரு பக்கமும் ரப்பர் கட்டையால் அழுத்தும் வகை), எடை ஏறக்குறைய 16 கிலோ. விலை 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்றுக் கீழே. பிராண்டைச் சொல்லிப் பயனில்லை. இந்த விலையில் ஸ்டிக்கர்தான் மாறும். உள்ளே உள்ள உதிரிகள் பெரும்பாலும் ஒரே தரம்.

ஃபிரேமுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. மற்றவற்றில் ஹேண்டலையும் ஃபோர்க்கையும் தவிர எல்லாமே ஒரு தடவையாவது மாறிவிட்டன. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: தேய்கிற சாமான் டவுன் சைக்கிள் கடையில் அன்றைக்கே கிடைக்குமா? வேலைக்குப் போகிறவருக்கு, ஈப்போவிலிருந்து சாமான் வரும்வரை ஒரு வாரம் காத்திருப்பது பஸ் காசும் தொந்தரவுமாகத்தான் முடியும்.

இதில் பலரும் சறுக்குவது சக்கர அளவில். 26 அங்குலம் என்று எழுதியிருந்தால் எல்லா 26 டயரும் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். பொருந்தாது. 26×1.75 டயர் உட்காரும் ரிம் விட்டம் 559 மில்லிமீட்டர். கூடை வைத்த பழைய சைக்கிள்களில் வரும் 26×1 3/8 டயருக்கு 590 மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே 31 மில்லிமீட்டர் வித்தியாசம். எவ்வளவு நெம்பினாலும் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 47-559 என்பது போல இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். அதில் இரண்டாவது எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 559 எந்தக் கடையிலும் தொங்கும்.

டியூப் வால்வையும் பாருங்கள். மோட்டார் சைக்கிள் டயரில் இருக்கும் அதே தடித்த வால்வு வேண்டும். அது இருந்தால் பெட்ரோல் நிலையத்தில் சும்மாவே காற்றடிக்கலாம். பின் டயருக்கு 50 பிஎஸ்ஐ, முன் டயருக்கு 45. மெஷின் கேபிஏ கணக்கில் காட்டினால் 345, 310.

ஸ்பிரிங் ஃபோர்க் பார்க்க அழகாக இருக்கும். இந்த விலையில் அது வேண்டாம். எடைதான் கூடும். ரப்பர் உறை கிழிந்ததும் செம்மண் தண்ணீர் உள்ளே இறங்கி, துரு பிடித்து, ஒரு வருடத்துக்குள் அசையாத இரும்புத் துண்டாகிவிடும். 1.95 அங்குல அகல டயர் போட்டால் குழியின் அதிர்ச்சியில் ஓரளவை அதுவே வாங்கிக்கொள்ளும். முன்னால் மூன்று பல்சக்கரமும் தேவையில்லை. முன்னால் 42 பல், பின்னால் 14 முதல் 28 பல் வரை 7 கியர் இருந்தால் தோட்டத்து மேட்டுக்குப் போதும். பின்னால் 18 பல்லில் ஓட்டினால் ஒரு முழு மிதிக்கு 4.8 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு 17 கிலோமீட்டர். 9 கிலோமீட்டருக்கு அரை மணி நேரத்தை ஒட்டி வரும். வியர்த்துக் கொட்டாமல் வேலைக்குப் போய்ச் சேரும் வேகம் அதுதான்.

கடையிலிருந்து கொண்டுவந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாததால்தான் புது சைக்கிள்கள் மூன்றே மாதத்தில் கெட்ட பெயர் வாங்குகின்றன. இடது பக்கக் கிரேங்கின் (பெடல் மாட்டியிருக்கும் கையின்) போல்ட்டை இறுக்குங்கள். கிரேங்க் அலுமினியம், அது உட்காரும் சதுர ஆக்சில் இரும்பு. முதல் 50 கிலோமீட்டரில் அலுமினியம் கொஞ்சம் அமுங்கி இடம் கொடுக்கும், போல்ட் தளரும். ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் இதுதான். சத்தத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தால் சதுரத் துளையின் மூலைகள் உருண்டுவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிரேங்கையே மாற்ற வேண்டும். 25 சென்டிமீட்டர் நீளச் சாவியின் நுனியில் 15 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவு இறுக்கம் வேண்டும். 50 கிலோமீட்டரில் ஒரு தடவை, 200-இல் ஒரு தடவை. அதன் பிறகு தளர்ந்ததில்லை. பெடலை மாற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். மற்ற போல்ட் போலத் திருகினால் மரை அறுந்துவிடும்.

இனி பிரேக். இந்த ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். முதலில் ரிம் அலுமினியமா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு ரிம், வாங்காதீர்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும். மத்தியான மழை தினப்படி நடக்கிற ஊரில் அது ஆபத்து. அலுமினிய ரிம் நனைந்தாலும் பிடிக்கும், ஆனால் உடனே பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாக அழுத்தி, சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும் வரை தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு அழுத்த வேண்டும்.

அலுமினிய ரிம்மின் எதிரி செம்மண். மழை விட்டதும் பாதையைக் கடந்து வந்து பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பு ரப்பருக்குள் சிவப்பு மணல் பதிந்திருக்கும். அதற்கு நடுவே ஊசிமுனை அளவில் வெள்ளியாக மினுங்குவது ரிம்மிலிருந்து சுரண்டிய அலுமினியம். அதை எடுக்காமல் விட்டால் அந்தத் துணுக்கு மேலும் சுரண்டும், 'கர்ர்' என்ற சத்தம் வரும். வாரம் ஒரு முறை குண்டூசியால் குத்தி எடுத்து, உப்புத்தாளில் கட்டையை நாலு இழுப்பு இழுத்துவிட்டால் போதும். அப்படிப் பார்த்துக்கொண்டும் பின் ரிம் மூன்று வருடத்தில் தேய்ந்தது. ரிம்மின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நேராக வைத்தால் நடுவில் குழிவு தெரியும். குழிவு கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு வந்தால் தள்ளிப் போடாதீர்கள். டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தில் மெலிந்த சுவர் வெடித்துப் பிளக்கும், அதுவும் பெரும்பாலும் பிரேக் பிடிக்கும் நேரத்தில்.

அப்படியானால் டிஸ்க் பிரேக் வாங்கலாமே என்று தோன்றும். பாதையில் பாதிக்கு மேல் செம்மண் என்றால் வாங்குங்கள், ரிம் தேயாது. பெரும்பகுதி தார் என்றால் வி-பிரேக்தான் வசதி. ஒரு ஜோடிக் கட்டை எந்தக் கடையிலும் உண்டு, மாற்றப் பத்து நிமிடம். மலிவு டிஸ்கில் தகடு வளைந்தால் உரசிக்கொண்டே ஓடும். செயின் எண்ணெய் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பேட் கெட்டுப்போகும்.

செயினுக்கு இந்த மண்ணில் ஆயுள் 2,500 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறு மாதம். தேய்ந்ததா என்று அறிய அங்குலக் கோடு போட்ட ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்தால், புதுச் செயினில் 24 கண்ணி தள்ளி உள்ள பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது ஒரு அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு தாண்டினால் செயினை மாற்றுங்கள். 8-இல் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பின்னால் உள்ள ஃப்ரீவீல் (பல்சக்கர அடுக்கு) பற்களும் அதோடு தேய்ந்திருக்கும். புதுச் செயின் போட்டாலும் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும், இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டி வரும். நேரத்துக்கு மாற்றினால் ஒரு ஃப்ரீவீலில் மூன்று செயின் ஓடும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு கெட்ட பழக்கம் தோட்டத்தில் பரவலாக இருக்கிறது. மோட்டாரிலிருந்து வடித்த மினியாக் ஹித்தாமை (கறுத்த பழைய இன்ஜின் எண்ணெய்) தாராளமாக ஊற்றுவார்கள். செயின் இரண்டு நாள் சத்தமில்லாமல் ஓடும். மூன்றாம் நாள் அதில் ஒட்டிய மண் அரைக்கும் மாவாகிவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரே சொட்டு வீதம் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், மேலே பிசுபிசுக்கக் கூடாது. மோட்டார் கழுவும் கடையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதையும் நிறுத்துங்கள். அந்த வேகம் மண்ணை பேரிங்குக்குள் தள்ளிவிடும்.

பஞ்சருக்கு இங்கே இரண்டு காரணம். தோட்டத்தில் செம்பனை மட்டையின் அடிமுள், பெரிய சாலையில் லோரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பி. மட்டை முள் குத்தியதும் மேலே முறிந்துவிடும். டயரின் வெளிப்பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும், மீதி உள்ளே நிமிர்ந்து நிற்கும். டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் பத்தே நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடியும் குத்தும். இதற்கு ஒரு வழி: டயர் மாட்டும்போது அதன் பெயர் எழுதிய இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்தால், டயரில் முள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். கம்பி கண்ணில் படாது. பஞ்சுத் துண்டை டயரின் உட்பக்கம் சுற்றித் தடவுங்கள், நார் மாட்டிக்கொள்ளும் இடத்தில் கம்பி இருக்கிறது.

ஓட்டையின் இடமும் காரணத்தைச் சொல்லும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாகக் குழியில் இறங்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் விலகி, ஸ்போக்ஸ் கம்பியின் தலை குத்தியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காற்றுக் குறைந்த டயர் ரிம்மில் நகர்ந்து வால்வை இழுத்திருக்கிறது. அதை ஒட்ட முடியாது. ஒட்டுப் போடும்போது பசையைத் தடவியவுடன் ஒட்டாதீர்கள். ஐந்து நிமிடம் காய்ந்து பளபளப்புப் போன பிறகு அழுத்துங்கள்.

கேரியரில் பத்துக் கிலோ அரிசி மூட்டை வைப்பவர்கள் பின் ஆக்சிலைக் கவனிக்க வேண்டும். திருகி மாட்டும் ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சிலின் அந்த முனை தாங்குதல் இல்லாமல் நிற்கிறது. குழியில் விழ விழ வளையும், ஒருநாள் முறியும். சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆக்சிலை விரலால் உருட்டினால், வளைந்த முனை சிறு வட்டம் போடும். அப்போதே கெட்டியான ஆக்சிலாக மாற்றிவிடுங்கள். ஸ்போக்ஸ் கம்பி 36 உள்ள சக்கரமாகப் பார்த்து வாங்குங்கள். முதல் மாதத்தில் ஒரு தடவை கடையில் இழுவை சரிபார்த்தால் கம்பி உடைவது பெரும்பாலும் நின்றுவிடும்.

காலை ஷிஃப்டுக்கு ஆறேகாலுக்குக் கிளம்பும்போது நம் ஊரில் இன்னும் இருட்டுத்தான். முன் விளக்கு சாலையைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும். பின் சிவப்பு விளக்கை சீட்டுக் கம்பியில் மாட்டாமல் கேரியரின் பின்முனையில் மாட்டுங்கள், மழைக்கோட்டு மறைக்காது. தார் விளிம்பிலிருந்து முக்கால் மீட்டராவது உள்ளே ஓட்டுங்கள். உடைந்த ஓரத்தில் சக்கரம் இறங்கினால் லோரி பக்கம்தான் விழ நேரும்.

600 வெள்ளி கைக்கு எட்டாதவர்களுக்கு ஜப்பானிலிருந்து வரும் பழைய கூடை சைக்கிள் நல்ல தேர்வு. செயின் மூடி இருப்பதால் மண் உள்ளே போகாது, மட்கார்டும் கேரியரும் உடன் வரும், ஹப்புக்குள் 3 கியர் உள்ளவை கிடைத்தால் விடாதீர்கள். டயர் 590 அளவு, வால்வு வேறு வகை, மேட்டில் கனக்கும் என்பவற்றை ஏற்றுக்கொண்டு வாங்க வேண்டும். டியூபை மோட்டார் வால்வு உள்ளதாக மாற்றலாம். ரிம் துளை இரண்டு வால்வுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான், பெரும்பாலும் அராவத் தேவையில்லை. பார்க்கும்போது கிரேங்கைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். ஒரு மணி நேர மழையில் ஓட்டினால் சீட்டுக் குழாய் வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர், பெடல் பேரிங் இருக்கும் குழாயில் போய்த் தேங்கும். முதலில் வந்த திறந்த பேரிங் எட்டு மாதத்தில் போனதற்குக் காரணம் அதுதான். பிறகு போட்ட மூடிய பேரிங் இரண்டு வருடம் தாங்கியது. மாதம் ஒரு முறை சீட்டைக் குழாயோடு உருவி, எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, சைக்கிளைத் தலைகீழாகக் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். சில மாதங்களில் அரை டம்ளர் சிவப்புத் தண்ணீர் கொட்டும். குழாய்க்கு கிரீஸ் தடவி மறுபடியும் சொருகுங்கள். தடவாமல் விட்டால் அடுத்த வருடம் சீட்டு ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.