ஐயாவின் கல்யாணத்தை ஆன்லைனில் தேடிய மூன்று வருடம்

மூன்று வருடமாக, பழைய பதிவேடுகளில் மூதாதையரைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் உருண்டுகொண்டிருக்கிறேன். அப்பாவைப் பெற்ற ஐயாவின் கல்யாணப் பதிவைப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் உள்ளே போனேன். கணக்குத் தொடங்கக் காசில்லை, அதுவே நிம்மதி. இதற்குமுன் ஒரு கட்டணத் தளத்தில் இலவசச் சோதனை என்று கார்டு எண்ணைக் கொடுத்து, நிறுத்த மறந்து, ஒரு வருடச் சந்தாவைத் தண்டம் அழுதவன் நான்.

நம் செட்டிநாட்டு நகரத்தார் (செட்டியார்) ஆட்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். சென்னை மாகாணத்துப் பழைய திருமணப் பதிவு என்று ஆன்லைனில் கிடைப்பதில் பெரும்பகுதி சர்ச் பதிவேடுதான். வளவில் (வீட்டு முற்றத்தில்) திருப்பூட்டிய, அதாவது தாலி கட்டிய, கல்யாணத்தைச் சர்க்கார் ஏட்டில் ஏற்றும் கட்டாயம் அப்போது இல்லை. தமிழ்நாட்டில் எல்லாருக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்ததே 2009-இல். அது தெரியாமல் செட்டி, செட்டியார் இரண்டையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் போட்டு, நட்சத்திரக் குறி வைத்து, ராத்திரி ராத்திரியாகத் தேடினேன். சில பதிவுகளில் கேமரா படத்தின்மேல் சாவி இருக்கும். வீட்டிலிருந்து திறக்காது, அவர்களுடைய மையத்துக்குப் போக வேண்டும்.

கடைசியில் காரைக்குடி அயித்தைதான் சிரித்தார்கள். "ஐயாவைப் பிள்ளை கூட்டியதுல்ல? நீ பெத்தவுக பேரைப் போட்டுத் தேடுனா எப்படிப்பா வரும்?" பிள்ளை கூட்டினால், அதாவது தத்தெடுத்தால், இனிஷியலே மாறிவிடும், அது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் அயித்தை வீட்டுப் பெட்டகத்தில் ஐயாவின் இசைகுடிமானம், அதாவது கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் ஓலை, கிடைத்தது. மடிப்பில் பூச்சி அரித்திருந்தாலும் இரண்டு வீட்டாரின் பெயர், ஊர், கோயில் எல்லாம் தெளிவாக இருந்தன. பிரபவ வருஷம், தை மாதம். பிரபவ என்றால் 1927 என்று தளத்தில் ஏற்றிவிட்டேன். தை வரும்போது ஆங்கில வருடம் 1928 ஆகிவிடுமே என்று மறுநாள்தான் தோன்றியது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால் 1868-ஆ 1928-ஆ என்பதையும் ஐயாவின் வயதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

இந்தத் தளத்தில் எனக்கு உண்மையில் உதவியது தேடல் இல்லை, குடும்ப மரம். ஒருவருக்கு இரண்டு ஜோடிப் பெற்றோரைச் சேர்த்து, பெற்றவர், தத்தெடுத்தவர் என்று தனித்தனியே குறிக்கலாம். நகரத்தார் வீடுகளுக்கு இது இல்லாமல் மரமே நிற்காது. ஒரு எச்சரிக்கை: இறந்தவர்களின் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால் இசைகுடிமானத்தைப் படமெடுத்து, தமிழ்த் தேதியை அப்படியே குறிப்பில் எழுதி, ஐயாவின் பக்கத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன்.