68,000 ரூபாய் போச்சு: பழைய ஏர் ரைஃபிள் பாகம் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று மாலைதான் அதை விற்றவன் என் எண்ணை பிளாக் செய்தான். ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன்.

மகளுக்கு 14 வயது. கோவையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) சுடப் பழகுகிறாள். இடதுகைக்காரி. கிளப்பில் இருக்கும் துப்பாக்கிகள் எல்லாம் வலது கைக்கானவை. ஜெர்மன் ரைஃபிள் புதிதாக வாங்க லட்சக்கணக்கில் ஆகும், நமக்குக் கட்டாது. ஆக்‌ஷன் (சுடும் விசைப் பகுதி), அதோடு பேரல் (குழல்), ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை), பீப் சைட் (குறிபார்க்கும் துளை), காற்று அடைக்கும் சிலிண்டர் என்று பழையதாகத் தேடிச் சேர்த்தால் பாதிக்கும் கீழே முடியும் என்றார்கள். குண்டு பாயும் சக்தி 20 ஜூலுக்குள் இருக்கும் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் இந்தச் சாமான்கள் சுலபமாகக் கைமாறும்.

அப்படித்தான் வெளி மாநிலத்தில் பழைய சுடுகருவிகள் விற்கும் ஒரு கடைக்காரன் கிடைத்தான். தமிழ் பேசினான். நானும் மாநில அளவில் சுட்டவன்தான் என்றான். வீடியோ காலில் மகளிடம், "எந்தக் கண்ணை வச்சுப் பார்க்கிறே, பாப்பா? தோள் உயரம் எவ்வளவு?" என்று அரை மணி நேரம் கேட்டான். ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் விழுந்த தாளைக் காட்டினான். "அண்ணே, என் தங்கச்சிக்குச் செய்யற மாதிரி செய்றேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். மனைவியின் வளையலை அடகு வைத்து முதலில் 45,000, பார்சல் போடும் முன் 23,000. மொத்தம் 68,000 ரூபாய், ஜிபேயில்.

பெட்டியைப் பிரித்தால் கிரிப் (கைப்பிடி) வலது கைக்கானது. ஸ்டாக்கின் திருகுத் துளையும் ஆக்‌ஷனும் பொருந்தவே இல்லை, இரண்டும் வேறு வேறு மாடல். இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பயிற்சியாளர் சிலிண்டர் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில் பொறித்திருந்த வருஷம் 2009. சிலிண்டருக்குத் தயாரிப்பாளர் குறித்த ஆயுள் உண்டு, பெரும்பாலும் 10 ஆண்டு; அது தாண்டினால் போட்டியில் அனுமதி கிடைக்காமல் போகலாம். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைப்போம். பிள்ளை பிடிக்கும் கைக்குப் பக்கத்தில்தான் அது இருக்கும். தெரிந்தேதான் தேதியை மறைத்து ஒட்டியிருக்கிறான். தங்கச்சி என்று சொன்ன அதே வாய்!

கூப்பிட்டேன். "கூரியர்ல மாறியிருக்கும், பார்க்கிறேண்ணே." இரண்டு நாள் கழித்து, "உங்களுக்கு மாட்டத் தெரியலை." அப்புறம், "பழைய சாமான்னு சொல்லித்தானே வித்தேன்?" சிலிண்டர் தேதியைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்தான், பதில் இல்லை. பதினோரு நாள் இப்படியே இழுத்தடித்தான். அப்புறம் பிளாக். 68,000 ரூபாய்!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். சிலிண்டரில் பொறித்த தேதியை வீடியோவில், ஸ்டிக்கர் இல்லாமல், காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். ஸ்டாக்கும் ஆக்‌ஷனும் ஒரே மாடலா என்று பயிற்சியாளரைக் கேளுங்கள். கையில் எடுத்துச் சுட்டுப் பார்க்காமல் முழுப் பணம் போடாதீர்கள். ஏமாந்தால் என்னைப் போல் பதினோரு நாள் காத்திருக்காமல் அன்றைக்கே 1930-க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) அழையுங்கள்.