மாறச் சொல்வதா, ஏற்கச் சொல்வதா? தம்பதியர் சிகிச்சை முறைகள் மூன்றின் ஒப்பீடு

தம்பதியர் ஆலோசனைக்குப் போவதென்று ஒரு குடும்பம் முடிவெடுக்கும்போது, பெரும்பாலும் கேட்கப்படுவது நல்ல கவுன்சலர் யார், கட்டணம் எவ்வளவு, விஷயம் வெளியே தெரியாமல் இருக்குமா என்பவைதான். அவர் எந்த முறையில் சிகிச்சை அளிக்கிறார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் தம்பதியர் சிகிச்சையைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சியில் நன்கு சோதிக்கப்பட்ட மூன்று முறைகளை, அதாவது நடத்தைவழிச் சிகிச்சை, ஒருங்கிணைந்த நடத்தைவழிச் சிகிச்சை, உணர்வு மையச் சிகிச்சை ஆகியவற்றை, இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஒரே சண்டையை மூன்று அறைகளுக்கும் எடுத்துச் சென்றால் வேறுபாடு எளிதில் புலப்படும். கணவர் ஊரில் இருக்கும் தன் தாயாருக்குப் பணம் அனுப்புகிறார். மனைவிக்கு அது வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் தெரியவருகிறது. "என்னங்க, அத்தைக்குப் பணம் அனுப்புனீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று அவர் கேட்கிறார். "சொன்னா மட்டும் சரின்னு சொல்லிடுவியா?" என்று கேட்டுவிட்டுக் கணவர் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். மனைவி படியேறிப் பின்னாலேயே போகிறார். பத்து ஆண்டுகளாக இது மாதம் ஒருமுறை நடக்கிறது.

நடத்தைவழிச் சிகிச்சையாளர் இதில் திருத்தக்கூடிய செயல்களைத் தேடுவார். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் எந்தச் செலவையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது, அதற்கென்று வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குவது, ஒருவர் சொன்னதை மற்றவர் தன் வாயால் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்ட பிறகே பதில் சொல்வது என்று உடன்பாடுகளை எழுதிக் கொடுப்பார். இந்த முறையின் தொடக்கம் 1969-இல் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் நான்கு தம்பதியரோடு செய்த சோதனையில் இருக்கிறது. மனைவியர் கேட்டது கணவர்கள் தங்களோடு பேச வேண்டும் என்பது. கணவர்கள் பேசிய நேரத்துக்கு டோக்கன் பெற்று, அதைக் கொடுத்து மனைவியின் அன்பைப் பெற்றார்கள். இன்று படிக்கும்போது மனம் கூசுகிறது. ஆயினும் தாம்பத்தியம் என்பது அன்றாடக் கொடுக்கல் வாங்கலாலும் ஆனது, அதை அளக்கவும் மாற்றவும் முடியும் என்ற துணிவு அங்கிருந்துதான் வந்தது.

அந்த முறையை 1970-களின் இறுதியில் நூலாகவும் பயிற்சியாகவும் ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்சன். அதன் குறையை உரக்கச் சொன்னவரும் அவரே என்பதுதான் இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் செய்தி. 1987-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட தொடராய்வில், சிகிச்சை முடிந்தபோது தேறியிருந்த தம்பதியரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் இரண்டாண்டுகளுக்குள் பழைய நிலைக்குச் சரிந்திருந்தனர். 1991-இல் டக்ளஸ் ஸ்னைடர் குழு வெளியிட்ட முடிவு இதைவிடக் கடுமையானது: நான்கு ஆண்டுகளில் நடத்தைவழிச் சிகிச்சை பெற்றவர்களில் 38 சதவீதத்தினர் மணமுறிவு பெற்றிருக்க, மனத்தின் உள்காரணங்களைத் தேடும் சிகிச்சை பெற்றவர்களில் 3 சதவீதத்தினரே பிரிந்திருந்தனர். அந்த ஆய்வில் ஒவ்வொரு பிரிவிலும் 30 தம்பதியர் அளவே இருந்தார்கள். ஒப்பீட்டுக்கு வைத்த நடத்தைவழிச் சிகிச்சை அக்காலத்து முழுமையான வடிவம் இல்லை, பெயர்ப்பலகைகளை நம்பி முடிவுகட்டக் கூடாது என்று ஜேக்கப்சன் மறுத்தெழுதினார். அவருடைய மறுப்பில் நியாயம் இருந்தது. ஆனாலும் சரிவு உண்மை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

அந்தச் சரிவுக்கு விடைதேடித்தான் அவரும் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் ஒருங்கிணைந்த முறையை உருவாக்கினார்கள். எல்லா வேறுபாடுகளையும் உடன்பாடு எழுதித் தீர்க்க முடியாது; சிலவற்றை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்; ஏற்றுக்கொள்ளப்பட்டவர் பல நேரங்களில் தானாகவே மாறத் தொடங்குவார் என்பது அதன் அடிப்படை. முதல் அமர்வில் இருவரையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அடுத்த இரண்டில் தனித்தனியாகப் பார்ப்பார்கள், நான்காவதில், "உங்களுக்குள் நடப்பதாக நான் புரிந்துகொண்டது இது, சரியா?" என்று இருவர் முன்னும் எடுத்துரைப்பார்கள். நம் தம்பதியரிடம் சிகிச்சையாளர் சொல்வது இப்படி இருக்கலாம்: கணவர் சிறுவயதிலேயே வீட்டுப் பாரத்தைத் தோளில் ஏற்றவர், தாய்க்கு அனுப்பும் பணம் அவருக்குக் கடமை மட்டுமல்ல, தான் யார் என்பதற்கான சான்று, மனைவியோ தன் தாய்க்கு வீட்டுப் பணத்தில் ஒரு ரூபாய்க்கும் பேச்சுரிமை இல்லாததைப் பார்த்து வளர்ந்தவர், ஆகவே அந்தக் குறுஞ்செய்தி இருவரையும் வெவ்வேறு புண்ணில் தொடுகிறது. சில அமர்வுகளில் சிகிச்சையாளர் ஒரு வெற்று நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தச் சண்டை அதில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு அதைப் பற்றிப் பேசச் சொல்வார். எதிரெதிரே நின்றவர்கள் ஒரே பக்கம் நின்று அதைப் பார்க்கத் தொடங்குவதற்கான எளிய உத்தி அது.

மூன்றாவது அறையில் இருப்பவர் பணத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980-களில் உருவாக்கிய உணர்வு மையச் சிகிச்சை, குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி ஜான் போல்பி வகுத்த கோட்பாட்டைத் தம்பதியருக்குப் பொருத்திப் பார்ப்பது. அங்கே மொட்டை மாடியும் படிக்கட்டும்தான் முக்கியம்: ஒருவர் விலகுகிறார், மற்றவர் துரத்துகிறார்; துரத்தத் துரத்த விலகல் கூடுகிறது. "அவர் மாடிக்குப் போகும் அந்த நொடியில் உங்களுக்குள் என்ன ஆகிறது?" என்று சிகிச்சையாளர் மெதுவாகக் கேட்பார். கோபம் என்று தொடங்கும் விடை, கேள்வி தணிந்து தணிந்து போகும்போது, "அவருக்கு நான் வேண்டாதவளோ என்று தோன்றும்" என்பதில் வந்து நிற்கும். அதைச் சிகிச்சையாளரிடம் சொன்னால் போதாது. திரும்பி உட்கார்ந்து கணவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த முறையின் கடினமான கணமும் பயன் தரும் கணமும் அதுவே.

இனி எண்களுக்கு வரலாம். முதலிரண்டு முறைகளையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய ஆய்வில், நெடுங்காலமாகக் கடும் பிணக்கில் இருந்த 134 தம்பதியர் லாஸ் ஏஞ்சலிஸிலும் சியாட்டிலிலும் சேர்க்கப்பட்டு, அதிகபட்சம் 26 அமர்வுகள் சிகிச்சை பெற்றனர். ஜேக்கப்சன் அதன் முடிவைக் காணவில்லை; 1999-இல் இறந்துவிட்டார். 2004-இல் வெளியான முதல் முடிவின்படி, சிகிச்சை முடிந்தபோது ஒருங்கிணைந்த முறையில் 71 சதவீதத்தினரும் நடத்தைவழி முறையில் 59 சதவீதத்தினரும் தேறியிருந்தனர். நடத்தைவழிப் பிரிவினர் தொடக்கத்தில் விரைந்து முன்னேறிப் பிறகு தேங்கினர். மற்றவர்கள் மெதுவாக, ஆனால் நிற்காமல் முன்னேறினர். இரண்டாண்டுக்குப் பின் அந்த அளவு முறையே 69, 60 சதவீதம். ஐந்தாண்டுக்குப் பின் 50, 46. அதற்குள் இரு பிரிவுகளிலும் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் பிரிந்தோ மணமுறிவு பெற்றோ இருந்தனர்.

இந்த எண்களைப் பார்த்து ஏமாற்றம் அடைபவர்கள், அந்த ஆய்வில் இலேசான மனத்தாங்கல் உள்ளவர்கள் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஏறக்குறைய முறிந்துபோன மணவாழ்வுகளில் பாதி ஐந்தாண்டுகள் கழித்தும் நல்ல முன்னேற்றத்துடன் இருப்பதை நான் சிறிய வெற்றியாகக் கருதவில்லை. அதே நேரத்தில், உணர்வு மையச் சிகிச்சையினர் 1999-இல் நான்கு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன 70 முதல் 73 சதவீதத் தேறல் என்னும் எண்ணை இந்த 71-க்குப் பக்கத்தில் எழுதி, இரண்டும் சமம் என்று முடிப்பது பிழை. அவை சிறிய ஆய்வுகள். 1985-இல் வந்த முதல் ஆய்வில் மூன்று பிரிவுகளுக்கும் சேர்த்தே 45 தம்பதியர்தான், அமர்வுகள் எட்டு. அதில் உணர்வு மைய முறை, சிக்கல் தீர்க்கும் பயிற்சியை வென்றது. அதை உருவாக்கியவர்களே நடத்திய ஆய்வு என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஜான் காட்மனின் பெயரை விட்டுவிட்டேன் என்று சிலர் நினைக்கலாம். குறைகூறல், இகழ்ச்சி, தற்காப்பு, வாய்மூடி விலகல் ஆகிய நான்கையும் அடையாளம் காட்டிய அவருடைய ஆய்வுக்கூடம், தம்பதியர் எப்படிச் சண்டையிடுகிறார்கள் என்பதைப் பற்றி மற்ற யாரையும்விட நுட்பமாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் சண்டையை விவரிப்பது வேறு, சிகிச்சையைச் சோதிப்பது வேறு. மணமுறிவை 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாகக் கணிக்கலாம் என்ற புகழ்பெற்ற கூற்றையும், கணிப்புச் சூத்திரத்தைப் புதிய தம்பதியரிடம் சோதிக்காமல் ஏற்கக் கூடாது என்று ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001-இல் காட்டினார்கள்.

எதைத் தேர்வது? பிணக்கு புதிது, வேலைப் பங்கீடு, நேரம், செலவு என்று கைக்குப் பிடிபடும் பொருள்களைப் பற்றியது என்றால் நடத்தைவழிச் சிகிச்சையின் வேகம் பயன்தரும். ஒருவர் துரத்த ஒருவர் விலகும் வீட்டில், இருவருக்கும் பாசம் இன்னும் மிச்சமிருந்தால், உணர்வு மைய முறையை நாடலாம். பத்தாண்டுப் பழசான, இயல்பு வேற்றுமையில் வேரோடிய சண்டைக்கு என் தேர்வு ஒருங்கிணைந்த முறை. அந்த 134 தம்பதியரும் சராசரியாகப் பத்தாண்டு மணவாழ்வு கண்டவர்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க வெள்ளையர், மாமியாரும் நாத்தனாரும் வீட்டுக் கணக்கில் இல்லாதவர்கள் என்பதால், இங்கே அந்த முறையைக் கையாளும் ஆலோசகர் நாற்காலியில் உட்கார்த்தி வைக்கும் சண்டையில் மாமியார், நாத்தனார் பங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும். அடி உதை இருக்கும் வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஆபத்தான வன்முறை இருந்த தம்பதியரை அந்த ஆய்வே சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கே முதல் தேவை அந்தப் பெண்ணின் பாதுகாப்பு. ஏற்றுக்கொள்ளச் சொல்லும் எந்த முறையையும் அவர்மீது சுமத்துவது தீங்கு.

முறையைத் தேர்ந்த பிறகு கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு: கடைசி அமர்வுக்குப் பின் என்ன? அதே ஆய்வின் தொடர்பதிவுகளில், சிகிச்சை நின்றவுடன் இரு பிரிவினரின் நிறைவும் சற்றுச் சரிந்து, பிறகே மீண்டும் ஏறியது; ஒருங்கிணைந்த முறையில் அந்த மீட்சி முன்னதாக வந்தது. ஆகவே சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் ஒவ்வோர் அமர்வை முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளும்படி ஆலோசகரிடம் கேளுங்கள். அந்தப் பணம் அனுப்பும் தம்பதியராக இருந்தால், அன்று பேச வேண்டியது இவ்வளவுதான்: இடைப்பட்ட மாதங்களில் வங்கிக் குறுஞ்செய்தி வந்த நாள்களில் யார் முதலில் வாய்திறந்தார், மாடிக்குப் போனவர் எவ்வளவு நேரத்தில் இறங்கி வந்தார்.