அமைதிப்படை: பல வருடமாகப் பார்த்துவரும் ஒரு ரசிகனின் அனுபவம்

1994-இல் வந்த 'அமைதிப்படை' படத்தை வீடியோ கேசட் காலத்திலிருந்து பார்த்துவருகிறேன். டிவியில் ஓடினால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன். வசனம் எல்லாம் மனப்பாடம், ஆனாலும் சலிக்கவில்லை. ஆரம்பத்தில் சத்யராஜுக்காகப் பார்த்தேன். இப்போது மணிவண்ணனுக்காகப் பார்க்கிறேன்.

கோயிலில் தேங்காய் பொறுக்கித் திரிந்த அமாவாசையை (சத்யராஜ்) தேர்தலில் நிறுத்துகிறார் மணிமாறன் (மணிவண்ணன்) என்கிற அரசியல்வாதி. சொன்னபடி ஆடுவான் என்ற நம்பிக்கைதான். அப்புறம் அந்த வாக்கு எண்ணிக்கைக் காட்சி. நாற்காலி நுனியில் பவ்யமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அமாவாசை, முன்னிலை ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து சாய்கிறார். அந்தத் திமிரை எல்லாரும் ரசிக்கிறோம். ஆனால் ஒரு தடவை, சத்யராஜை விட்டுவிட்டு மணிமாறனின் முகத்தை மட்டும் பாருங்கள். பக்கத்தில் ஏதோ மாறுகிறது என்று உறைப்பது, நம்ப மறுப்பது, கடைசியில் வேறு வழியில்லாமல் வளைந்துகொடுப்பது, மூன்றும் அங்கே நடக்கிறது. படத்தை இயக்கிய மணிவண்ணனே ஏமாறுகிற ஆளாகவும் வந்து நிற்கிறார். புத்திசாலித்தனமான வேலை.

அமாவாசை ஜெயித்து 'நாகராஜ சோழன்' என்று பெயரை மாற்றிக்கொண்ட பிறகும் மணிமாறன் விலகிப்போவதில்லை. கூடவே இருந்து குத்திக் குத்திப் பேசுகிறார். எதிர்ப்பும் இல்லை, விசுவாசமும் இல்லை; பதவியின் நிழலில் ஒதுங்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் இந்தப் படம் ஞாபகத்துக்கு வருவது நாகராஜ சோழன்களால் அல்ல, மணிமாறன்களால்தான். படம் வந்தபோது வாக்குச்சீட்டுக் காலம். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரம் வந்துவிட்டது. சுற்றுக்குச் சுற்று முன்னிலை மாறும்போது வேட்பாளரைச் சுற்றி நிற்பவர்களின் உடம்பு வளைவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

எல்லாமே அருமை என்று சொல்ல மாட்டேன். அமாவாசையின் மகன் போலீஸ் அதிகாரியாக வந்து பழிவாங்கும் பகுதி அந்தக் காலத்து வழக்கமான மசாலா. அதிலும் சத்யராஜே நடித்திருந்தாலும், அப்பனிடம் இருக்கும் ருசி பிள்ளையிடம் இல்லை. அப்புறம் அந்த அல்வா காட்சி. அதை நகைச்சுவைத் துணுக்காக வெட்டி ஒட்டிச் சுற்றவிடுகிறார்கள். கதையில் அது அமாவாசை ஒரு பெண்ணை நம்பவைத்துச் செய்யும் துரோகம். சின்ன வயதில் எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்ததுண்டு, இப்போது அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை. படமும் அவனை அங்கே அயோக்கியனாகத்தான் காட்டுகிறது.

2013-இல் 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' என்று தொடர்ச்சி வந்தது. அதே கூட்டணிதான், கூர்மை குறைவு. ஒரு தடவை பார்த்தேன், போதும்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் போனில் வரும் துண்டுக் காட்சிகளோடு நிறுத்திவிடாதீர்கள். தேங்காய் பொறுக்கும் அமாவாசையை முதலில் பார்த்திருந்தால்தான் அந்த நாற்காலிக் காட்சி முழுதாக ஏறும். இரண்டாம் பாதியில் பொறுமை போனால் சண்டைகளை ஓட்டிவிடலாம், ஒன்றும் குறையாது. மணிவண்ணன் வரும் இடங்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.