முதலில் யார் பணம் போடுவது? நரம்பியல் ஆய்வுக்கான பயண, பயிற்சி உதவிகள்: மதுரையிலிருந்து ஓர் ஒப்பீடு

வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்பிய ஆய்வுச்சுருக்கம் ஏற்கப்பட்டது என்ற மின்னஞ்சல் வந்த அன்றே பல வீடுகளில் நகை அடகைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகிறது. மதுரையில் மூளை, நரம்பு நோய்கள் தொடர்பான ஆய்வில் இருக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் விண்ணப்பம் எழுத நான் கைகொடுப்பதுண்டு. வருகிறவர்கள் அத்தனை பேரும் எவ்வளவு தருவார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எப்போது தருவார்கள் என்று கேட்பவர் அபூர்வம். சம்பளம் இல்லாதவருக்கு, புறப்படும் முன் கைக்கு வரும் சிறு தொகை, திரும்பி வந்து பல மாதம் கழித்து வரும் பெருந்தொகையைவிட உதவியானது. இங்கே ஒவ்வொரு வழியையும் அந்த அளவுகோலால்தான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் முதலில் நினைப்பது மத்திய அரசின் சர்வதேசப் பயண உதவித் திட்டம். இதை அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்திவந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் அந்த வாரியம் அடங்கிவிட்டது. மிகக் குறைந்த தூர வழித்தடத்தில் சிக்கன வகுப்பு விமானக் கட்டணமும் விசா கட்டணமும் கிடைக்கும். இளம் ஆய்வாளர்களுக்கு மாநாட்டுப் பதிவுக் கட்டணத்திலும் உதவி உண்டு. தங்குவதும் சாப்பிடுவதும் உங்கள் பாடு. ஒருமுறை வாங்கிவிட்டால் அடுத்த முறைக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் பெரிய நன்மை, அது எந்த நோய் என்று பார்ப்பதில்லை. ஈயின் மூளையைப் பார்ப்பவரும் பக்கவாத நோயாளியைப் பார்ப்பவரும் ஒரே வரிசையில் நிற்கலாம். குறையும் அதுவே: அந்த வரிசையில் இயற்பியல்காரரும் பொறியியல்காரரும் நிற்கிறார்கள்.

தொல்லை பணத்தைத் திரும்பப் பெறுவதில் இருக்கிறது. முதலில் நாம் செலவழித்து, பிறகு கணக்குக் காட்டித் திரும்பப் பெறுவதே வழக்கம். கணக்கு என்றால் டிக்கெட், ரசீதுகள், கலந்துகொண்டதற்கான சான்றிதழ், போர்டிங் பாஸ். இந்தப் போர்டிங் பாஸ் ஒரு தனிக் கதை. விமான நிலையத்தில் தருவது வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாள். மதுரை வெயிலில் பைக்குள் சில வாரம் கிடந்தால் எழுத்து மங்கி, கடைசியில் வெற்றுத் தாளாகிவிடும். ஊர் வந்து இறங்கிய அன்றே கோரிப்பாளையத்தில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் நான்கு பிரதி எடுத்துவிடச் சொல்வேன். கைப்பேசியில் படமும் எடுத்து வைக்கட்டும். அலுவலகத்துக்குத் தேவை மூலத்தாள், உங்களைக் காப்பாற்றுவது நகல். இன்னொன்று: அரசுப் பணத்தில் பறப்பவர்கள் டிக்கெட்டை பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகியவற்றில் ஒன்றின் வழியாக எடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. உங்கள் திட்டத்துக்கும் அது பொருந்துமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே அனுமதிக் கடிதத்தில் பார்த்துவிடுங்கள். மலிவாக இருந்தது என்று வேறு இணையதளத்தில் எடுத்துவிட்டுப் பின்னால் விளக்கக் கடிதம் எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மருத்துவத் தரப்பில் இருப்பவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இன்னொரு கதவு. அதன் சொந்த நிறுவனங்களில் இல்லாத விஞ்ஞானிகளுக்கும் வெளிநாட்டுப் பயண உதவி உண்டு. மதுரைக்கு ஐ.சி.எம்.ஆர். புதிய பெயர் அல்ல. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் நெல்வயல் கொசுக்களை ஆராய்ந்த அதன் மையம் 1985ஆம் ஆண்டிலேயே இங்கே தொடங்கியது. ஆனாலும் மூளைக்காய்ச்சலைப் பற்றி ஆய்வு செய்ய நினைக்கும் மருத்துவ மாணவர்களிடம் கேட்டால், பாதிப் பேர் அந்த மையம் இந்த ஊரில் இருந்ததையே கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள்.

இதற்கு எதிர்முனையில் இருப்பவை நோய்வாரியான உலகச் சங்கங்கள். 1957இல் தொடங்கிய உலக நரம்பியல் கூட்டமைப்பு இளம் நரம்பியல் மருத்துவர்களுக்குப் பயண நல்கை தருகிறது. பார்க்கின்சன், அசைவுக் கோளாறுகளுக்கான சர்வதேசச் சங்கம், ஏற்கப்பட்ட ஆய்வுச்சுருக்கத்தை வைத்து ஆண்டு மாநாட்டுக்கு உதவுகிறது. 1909இல் புடாபெஸ்டில் பிறந்த உலக வலிப்பு எதிர்ப்புக் கழகமும் தன் மாநாடுகளுக்கு உதவித்தொகை அளிக்கிறது. நோயாளியைப் பார்க்காமல் ஆய்வகத்தில் மட்டும் இருப்பவர்களுக்கு 1961இல் அமைந்த சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பு, அதாவது இப்ரோ.

இவற்றில் தொகை பெரிதல்ல, ஆனால் நச்சரிப்பு குறைவு. பலவும் ஒரே தொகையாகத் தந்துவிடுகின்றன. ரசீதுக் கட்டு கேட்பது குறைவு. பதிவுக் கட்டணத் தள்ளுபடியும் சேர்ந்து வந்தால் அதுவே பாதிப் பாரத்தைக் குறைத்துவிடும். போட்டியும் ஒரு நோய்க்குள் மட்டும். கூடவே, உலக வங்கிப் பட்டியலில் இந்தியா இன்னும் கீழ்நடுத்தர வருமான நாடு என்பதால் பல சங்கங்களில் உறுப்பினர் சந்தாவிலும் நல்கையிலும் நமக்குச் சலுகை கிடைக்கிறது. நாடு ஒரு படி மேலே ஏறினால் நாட்டுக்கு மகிழ்ச்சி, நமக்குச் சலுகை போய்விடும். ஆகவே சலுகை இருக்கும்போதே உறுப்பினராகிவிடுவது புத்திசாலித்தனம். அரசுத் திட்டமா சங்கமா என்று கேட்டால் மாணவருக்குச் சங்கம், சம்பளக்காரருக்கு அரசு என்பேன். மாதச் சம்பளம் வாங்கும் உதவிப் பேராசிரியர் கைக்காசைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். உதவித்தொகையே தாமதமாக வரும் ஆய்வு மாணவர் காத்திருக்க முடியாது.

மருந்து நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவர்களுக்கு முன்பெல்லாம் இதுதான் மிக எளிய வழி: விண்ணப்பம் கிடையாது, பிரதிநிதியிடம் சொன்னால் டிக்கெட் வந்துவிடும். 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நடைமுறைகளுக்கான சீரான நெறிமுறை, பேச்சாளராகச் செல்பவரைத் தவிர மற்ற மருத்துவர்களின் மாநாட்டுப் பயணத்துக்கு நிறுவனங்கள் செலவழிக்கக் கூடாது என்கிறது. நல்லதுதான். அந்த டிக்கெட்டின் விலை கடைசியில் நோயாளியின் மருந்துச் சீட்டில்தான் ஏறும்.

மாநாட்டுக்குப் போவதற்கும் பயிற்சிக்குப் போவதற்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் எனக்குத் தயக்கமே இல்லை. பயிற்சிதான். நான்கு நாள் மாநாட்டில் ஆயிரக்கணக்கானோர் நடுவே நம் ஆய்வை விளக்கும் ஒரு சுவரொட்டியின் முன்னால் இரண்டு மணி நேரம் நிற்கிறோம். நின்று கேட்பவர்கள் ஐந்தாறு பேர். முதல் முறை போகிறவர் பெரிய பெயர்களைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். அதே செலவில் ஓர் ஆய்வகத்தில் ஆறு வாரம் உட்கார்ந்து ஒரு நுட்பத்தைக் கற்றால் அது ஊருக்கு வந்த பின்னும் வேலை செய்யும்.

இதற்கான சான்று மதுரையிலேயே இருக்கிறது. உயிர்க்கடிகாரம், அதாவது உயிர்களின் உடலுக்குள் நாளின் நேரத்தைக் கணிக்கும் அமைப்பு, பற்றிய ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான எர்வின் பூனிங்கிடம் ஜெர்மனியின் டியூபிங்கனில் பணியாற்றித் திரும்பிய எம்.கே. சந்திரசேகரன், மதுரைப் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தை ஆய்வைத் தொடங்கினார். 1970களின் இறுதியில் அவரும் மாணவர் மாரிமுத்துவும் இந்த வட்டாரத்து மலைக்குகை ஒன்றில் இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தார்கள். பகலா இரவா என்று தெரியாத இருட்டில், கூண்டில் தனியாக வைத்த வௌவால், குகைக்குள் தாராளமாக வந்துபோகும் கூட்டத்தோடு தன் நேரத்தைச் சரிசெய்துகொண்டது. கூட்டம் இல்லாதபோது அதன் கடிகாரம் தன் போக்கில் விலகி ஓடியது. ஒளி இல்லாமலே, உடன் வாழும் கூட்டம் உயிர்க்கடிகாரத்தை ஒழுங்குபடுத்தும் என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வு அது. அதற்கு வேண்டியிருந்தவை ஒரு குகை, கூண்டு, அசைவைப் பதியும் கருவி, அவற்றை வைத்து என்ன கேட்பது என்று தெரிந்த மனம். கடைசியில் சொன்னது மாநாட்டு அரங்கில் கிடைக்காது.

பயிற்சிக்கான வழிகளில் எனக்குப் பிடித்தது இப்ரோவின் பயிற்சிப் பள்ளிகள். ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்குத் தனிக் குழு இருக்கிறது. தேர்வானவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் பெரும்பாலும் நடத்துபவர்கள் பொறுப்பு. வகுப்பு சிறியது, கையைப் பிடித்துச் சொல்லித்தருவார்கள். சர்வதேச நரம்பு வேதியியல் சங்கம், வசதி குறைந்த நாடுகளின் இளம் ஆய்வாளர்கள் வேறோர் ஆய்வகத்துக்குச் சென்று வேலை செய்ய நல்கை தருகிறது. இதற்கு அழைக்கும் ஆய்வகத்தின் கடிதம்தான் உயிர்நாடி. ‘இவர் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சி’ என்று மூன்று வரியில் முடியும் கடிதம் பயன்படாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த நுட்பம், யார் கற்றுத்தருவார், ஆய்வுப் பொருள்களின் செலவு யாருடையது என்று எழுதியிருக்க வேண்டும். பேராசிரியர்களுக்கு நேரமில்லை. வரைவை நீங்களே எழுதி அனுப்பி, திருத்தித் தரச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கடல் தாண்டித்தான் கற்க வேண்டும் என்பதும் இல்லை. மனநல, நரம்பியல் நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மருத்துவ நிறுவனம், 1949லேயே நாட்டின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி., 2022இல் மூளை ஆராய்ச்சி மையம் திறந்த சென்னை ஐ.ஐ.டி. ஆகிய எல்லாமே மதுரையிலிருந்து ரயில் தூரம். 2024 ஆகஸ்டு முதல் ஓடும் வந்தே பாரத்தில் விடியற்காலை ஏறினால் மதியத்துக்கு மேல் பெங்களூரு. விசாவுக்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். 2024 ஜூனில் 90 யூரோவாக உயர்ந்த ஷெங்கன் விசா கட்டணமும் வேண்டாம். உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளவும் முடியும். எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது: 1979 முதல் ஐ.சி.எம்.ஆர். நடத்தும் குறுகிய கால ஆய்வுத் திட்டத்தில் சொந்தக் கல்லூரியிலேயே ஒரு வழிகாட்டியின் கீழ் இரண்டு மாதம் வேலை செய்யலாம். அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு வரும் வலிப்பு, பக்கவாத நோயாளிகளின் கூட்டத்தை நினைத்தால் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை.

போவதற்குப் பதில் வரவழைக்கலாமே என்பவர்களும் உண்டு. கருத்தரங்கு நடத்த அனுசந்தான், ஐ.சி.எம்.ஆர்., உயிரித் தொழில்நுட்பத் துறை மூன்றுமே உதவுகின்றன. இப்ரோவும் கூட்டங்களுக்குத் தருகிறது. கணக்குப்படி இதுவே லாபம்: ஒருவர் விமானமேறும் செலவில் இருபது பேர் கற்கலாம். நடப்பது வேறு. பெரிய அரங்கு, மேடையில் ஒன்பது நாற்காலி, பொன்னாடை, நினைவுப் பரிசு, குத்துவிளக்கு, மதிய விருந்து என்று முதல் நாள் தொடக்க விழாவிலேயே முடிந்துவிடும். முந்நூறு பேர் கருத்தரங்குக்குப் பதில் இருபது பேர் பயிலரங்கு, மூன்று நாள், தலைக்கு ஒரு இ.இ.ஜி. (மூளை மின்னலை) பதிவு என்று யாராவது விண்ணப்பம் எழுதினால் நான் சம்பளமில்லாமல் வேலை செய்யத் தயார்.

ஆக, முனைவர் பட்ட மாணவர் முதல் இரண்டு ஆண்டுகளில் உள்நாட்டுப் பயிற்சியையும் இப்ரோ பள்ளியையும் முயலட்டும். கையில் முடிவுகள் வந்த பிறகு சங்க நல்கையில் மாநாடு. நரம்பியல் மேற்படிப்பு மருத்துவருக்கு விடுப்பே கிடைக்காது என்பதால், இந்திய நரம்பியல் கழகத்தின் ஆண்டு மாநாட்டில் தொடங்கி, படிப்பு முடிந்ததும் உலகச் சங்கத்தின் பயண நல்கை. நிலையான வேலையில் இருக்கும் ஆசிரியர் அரசுத் திட்டத்துக்குப் போகட்டும். அவர் அந்த வரிசையில் நின்றால்தான் சங்கங்களின் சிறு தொகை மாணவர்களுக்கு மிஞ்சும்.

எந்த வழியானாலும் இப்போதே செய்துவிட வேண்டிய வேலை ஒன்று. ஆய்வுச்சுருக்கத்தில் தலைப்பெழுத்தோடு பெயரைத் தருகிறோம். கடவுச்சீட்டில் அந்த எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். பல்கலைக்கழகச் சான்றிதழில் மூன்றாவது விதமாக இருக்கும். நல்கைக் கடிதம், விசா, டிக்கெட், கலந்துகொண்ட சான்றிதழ் நான்கிலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் கணக்குப் பிரிவில் கோப்பு நகராது. ஆய்வுச்சுருக்கம் அனுப்பும் நாளிலிருந்தே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள். கடவுச்சீட்டே இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். அந்த அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது.