டோன் நல்லா வரும்னு கடையில மாட்டி விட்ட கம்பி என் கிட்டாரோட பிரிட்ஜையே (பலகை மேல கம்பி மாட்டற மரத்துண்டு) தூக்கிடுச்சு, பாத்து வாங்குங்க மக்களே

கொஞ்சம் நீளமான பதிவு இது, ஆனா அக்கூஸ்டிக் கிட்டார் வச்சிருக்கறவங்க, அதுலயும் "டோன் சரியில்ல, கம்பி மாத்தி பாக்கலாம்"னு யோசிச்சுட்டு இருக்கறவங்க தயவு செஞ்சு முழுசா படிச்சிடுங்க. மூணே வாரத்துல என் கிட்டாருக்கு நடந்தது இன்னொருத்தரோட கிட்டாருக்கு நடக்கக் கூடாதுன்னுதான் உக்காந்து டைப் பண்றேன். கடை பேரு கேக்காதீங்க, இந்த வேலைய ஒரு கடையில மட்டும் பண்ணல, அதனால பேரை விட என்ன பண்ணாங்கங்கறதுதான் உங்களுக்கு உதவும்.

என்னோடது சின்ன பாடி கிட்டார், மேல் பலகை (டாப்) ஸ்ப்ரூஸ் மரம், எட்டு வருஷமா கூடவே இருக்கு. எப்பவும் 11 செட்தான் போடுவேன், அதாவது முதல் கம்பி 0.011 இன்ச், ஆறாவது கம்பி 0.052. போன ரெண்டு மாசமாவே சத்தம் மொத்தையா, போர்வைக்குள்ள வச்சு வாசிக்கற மாதிரி இருந்துச்சு. கம்பி போட்டு ஆறு மாசம் ஆயிடுச்சு, தடிக் கம்பிங்க மேல சுத்தியிருக்கற மெல்லிசு கம்பி (சுத்து கம்பி) இடுக்குல வியர்வையும் அழுக்கும் போய் உக்காந்துட்டா அந்த மேல் நாதம் எல்லாம் செத்து போயிடும், அது எனக்கே தெரியும். அதே செட்டை புதுசா வாங்கி நானே வீட்ல மாட்டியிருந்தா விஷயம் அங்கயே முடிஞ்சிருக்கும். நான் பண்ண தப்பு, கடையில போயி "டோன் இன்னும் நல்லா வரணும், என்ன போடலாம்"னு கேட்டது.

கவுண்டர்ல இருந்தவரு கிட்டாரை வாங்கி ரெண்டு தட்டு தட்டிட்டு, "தம்பி, 11 எல்லாம் கத்துக்கற பசங்க போடறது, டோன் வேணும்னா கம்பி தடியா இருக்கணும்"னு சொல்லி ஒரு 13 செட்டை எடுத்து காட்டினாரு. பாக்கெட்ல பெரிய கம்பெனி பேரு, பாஸ்பர் பிரான்ஸ் (செம்பு நிறைய உள்ள வெண்கலம்), கோட்டட் (மேல பூச்சு போட்டது)னு எல்லாம் போட்டிருந்துச்சு. நான் வழக்கமா வாங்கறதை விட மூணு மடங்கு விலை. "அண்ணே இது சின்ன பாடியாச்சே, 13 தாங்குமா"ன்னு நான் கேட்டேன், கேக்காம இல்ல. அதுக்கு அவரு சொன்னது: "உள்ள இரும்பு ராடு இருக்கு தம்பி, ஒன்னும் ஆகாது."

இந்த ஒரு பதில்லயே நான் கிட்டாரை வாங்கிட்டு திரும்பியிருக்கணும். அந்த ராடு, ட்ரஸ் ராடு, இருக்கறது நெக்குக்குள்ள, அதாவது இடது கை பிடிக்கற நீள மரத்துக்குள்ள. நெக் வளையாம பாத்துக்கறது மட்டும்தான் அதோட வேலை. கம்பி போயி இழுக்கறது பிரிட்ஜை, பிரிட்ஜ் ஒட்டியிருக்கறது டாப் பலகை மேல, அந்த பலகை மூணு மில்லிமீட்டர் கூட இருக்காது, அடியில சின்ன சின்ன மரச்சட்டம்தான் தாங்கிட்டு இருக்கும். ராடுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா அவரு அவ்ளோ அடிச்சு சொன்னதால நம்பிட்டேன்.

"நாங்களே மாட்டி தர்றோம், அதுக்கு காசு வேணாம்"னு கிட்டாரை உள்ள எடுத்துட்டு போனாரு. பாக்கெட்டை என் கண்ணு முன்னாடி பிரிக்கல. இருபது நிமிஷம் கழிச்சு கம்பி மாட்டி, ட்யூன் பண்ணி வெளிய வந்துச்சு. வெட்டின கம்பி துண்டும் இல்ல, கவரும் இல்ல. கேட்டதுக்கு "குப்பையில போட்டாச்சு"ன்னு சொல்லிட்டு, ஒரு சின்ன காந்தத்தை எடுத்து கம்பி மேல வச்சாரு, அது டக்குனு ஒட்டிக்கிச்சு, "பாத்தீங்களா, ஒரிஜினல்"னாரு. நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

முதல் நாள் சத்தம் நிஜமாவே பெருசா இருந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். புதுக் கம்பி எதைப் போட்டாலும் ரெண்டு நாளைக்கு பளபளன்னுதான் கேக்கும், அதுல ஏமாறாதீங்க.

நாலாவது நாள்லயே பிரச்சனை ஆரம்பிச்சுது. எஃப் பார் கார்டு (ஒரே விரலால எல்லா கம்பியையும் அழுத்தி பிடிக்கறது) பிடிச்சா விரல் வெந்து போற மாதிரி வலி, ட்யூன் பண்றப்ப நட்ல (நெக்கோட மேல் முனையில கம்பி உக்கார்ற சின்ன துண்டு) கம்பி சிக்கி சிக்கி "டிங்"குனு குதிக்குது, ஏன்னா நட்ல இருக்கற பள்ளம் 11 செட்டுக்கு அறுத்தது, தடிக் கம்பி அதுல எப்படி சரியா உக்காரும். 12வது ஃப்ரெட்ல (நெக்ல குறுக்க இருக்கற உலோகப் பட்டி) ஹார்மானிக் தட்டி, அதாவது அழுத்தாம லேசா தொட்டு பாத்தா சுருதி சரியா இருக்கு, அதே இடத்துல அழுத்தி வாசிச்சா ட்யூனர் முள்ளு மேல ஓடுது. மேல போக போக எல்லா கார்டும் அபஸ்வரமா கேட்டுச்சு. பத்தாவது நாளு நாலாவது கம்பியில, வலது கை படற இடத்துல, பழுப்பு கலர்ல புள்ளி. அது துரு. கோட்டட் கம்பியில, அதுவும் பத்து நாள்ல துருவா? அப்பவும் நான் "நம்ம கை வியர்வை போல"ன்னு துடைச்சு துடைச்சு வாசிச்சுட்டு இருந்தேன்.

மூணாவது வாரம் பிரிட்ஜுக்கு பின்னாடி ஒரு மெல்லிசான கருப்பு கோடு தெரிஞ்சுது. தலைமுடி கிடக்குதுன்னு நினைச்சு தட்டி விட்டேன். போகல. ஒரு பேப்பரை மடிச்சு அந்த கோட்டுல வச்சா, பேப்பர் உள்ள போகுது. அந்த நிமிஷம் வயித்த கலக்கிடுச்சு எனக்கு. உடனே எல்லா கம்பியையும் தளர்த்திட்டு, கிட்டார் ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட எடுத்துட்டு ஓடினேன். வயசானவரு, நிறைய பேச மாட்டாரு.

அவரு முதல்ல ஒரு ஸ்டீல் ஸ்கேலை பிரிட்ஜுக்கு பின்னாடி பலகை மேல குறுக்க வச்சாரு. ஸ்கேல் நடுவுல மட்டும் ஒட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆடுது. லேசான மேடு எல்லா கிட்டார்லயும் இருக்கும், இது அளவு மீறி போச்சுன்னாரு. அப்புறம் உள்ள ஒரு குட்டி கண்ணாடியும் லைட்டும் விட்டு காட்டினாரு. கம்பி முனையில ஒரு உருண்டை இருக்கும்ல, அது பிரிட்ஜ் பின்னுக்கு (கம்பிய ஓட்டையில பிடிச்சு வைக்கற முளை) பக்கவாட்டுல நழுவி போயி, அடியில இருக்கற தகட்டு மரத்துல இறுக்கமா உக்காரணும். இங்க ரெண்டு கம்பியோட உருண்டை பின்னோட நுனியிலயே தொங்கிட்டு இருக்கு. அதாவது அந்த ரெண்டு கம்பியும் பின்னை புடுங்கி மேல தள்ளிக்கிட்டே இருந்திருக்கு, ஓட்டைய சுத்தி மரமும் பிய்ஞ்சிருக்கு. மாட்டறப்ப பின்னை அழுத்திட்டு கம்பிய ஒரு தடவ மேல இழுத்து பாத்திருந்தாலே உருண்டை போயி உக்காந்திருக்கும், அஞ்சு செகண்டு வேலை. அதைக் கூட பண்ணல.

அடுத்து பண்ணதுதான் எனக்கு மறக்காது. நாலாவது கம்பிய கழட்டி, நுனியில கட்டர் வச்சு ஒரு துண்டு வெட்டினாரு, ஊசி மூக்கு பிளையர்ல மேல சுத்தியிருந்த மெல்லிசு கம்பிய ஒரு விரல் நீளத்துக்கு பிரிச்சு எடுத்தாரு, ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வந்துச்சு. அதை மேஜையில தனியா வச்சு காந்தத்தை காட்டினாரு. ஓடி போயி ஒட்டிக்கிச்சு. "பிரான்ஸ்ல செம்புதான் நிறைய, செம்பு காந்தத்துல ஒட்டாது தம்பி, இது இரும்பு, மேல கலர் ஏத்தியிருக்கான்"னு சொல்லிட்டு பிளேடால லேசா சுரண்டினாரு, செம்பு நிறம் உரிஞ்சு உள்ள வெள்ளையா தெரிஞ்சுது. அதான் துரு.

இப்ப கடைக்காரர் பண்ண காந்த வித்தை புரியுதா? எந்த ஸ்டீல் ஸ்ட்ரிங் செட்டா இருந்தாலும், நல்லதோ போலியோ, நடுவுல இருக்கற உள்கம்பி ஸ்டீல்தான். அதனால முழுக் கம்பியில காந்தம் வச்சா எல்லாமே ஒட்டும், அதுல எதுவும் நிரூபணம் ஆகாது. சுத்தியிருக்கற கம்பிய மட்டும் தனியா பிரிச்சு பாக்கணும்.

கடைக்கு திரும்ப போனேன். முதல்ல "உங்க கை வியர்வை"ன்னாங்க. பிரிச்ச கம்பிய காட்டினேன், "இது எங்க கம்பின்னு எப்படி சொல்றீங்க, கவர் இருக்கா"ன்னாங்க. கவரை குப்பையில போட்டதே அவங்கதான். பிரிட்ஜ் பத்தி கேட்டா "பழைய கிட்டார், பசை காஞ்சிருக்கும்"னு முடிச்சுட்டாங்க. பில்லுல வெறும் "ஸ்ட்ரிங் செட்"னு மட்டும்தான் இருந்துச்சு, கம்பெனியும் இல்ல, கேஜும் (கம்பியோட தடிமன்) இல்ல. அரை மணி நேரம் நின்னு பேசியும் ஒரு பைசா வரல.

சரி, உண்மையிலயே டோனுக்கு என்ன பாக்கணும்னு இப்ப எனக்கு தெரிஞ்சதை சொல்றேன். ரெண்டே விஷயம்தான் பெருசு: தடிமன், அப்புறம் சுத்து கம்பியோட உலோகம்.

தடிமன்ல பொதுவா 10ல ஆரம்பிக்கற செட், 11, 12, 13னு கிடைக்கும், 12க்கு லைட்னும் 13க்கு மீடியம்னும் பேரு. ஒரே சுருதிக்கு தடிக் கம்பிய ஏத்தணும்னா அதிகமா முறுக்கணும். முதல் கம்பிய மட்டும் எடுத்துக்கோங்க, 11ல சுமார் 9 கிலோ இழுவை, 13ல 12 கிலோவை தாண்டிடும். ஆறு கம்பியும் சேர்ந்தா 70 கிலோ பக்கம் இருந்தது 80க்கு மேல போகுது, அது ராத்திரி பகலா அந்த சின்ன பலகைய இழுத்துட்டே இருக்கும். பெரிய பாடி, தடியான சட்டம் வச்ச கிட்டார்ல 13 போட்டா கும்முனு அருமையா இருக்கும், மறுக்கல. சின்ன பாடியில போட்டா பலகை இறுகி போயி அசையவே இடம் இல்லாம சத்தம் அடைச்சுக்கும். உங்க கிட்டார் கம்பெனி எந்த கேஜ் போட சொல்லியிருக்காங்களோ அதுல இருந்து மேல போகாதீங்க, போனா நட், ஆக்ஷன் (நெக்ல இருந்து கம்பி நிக்கற உயரம்), நெக் எல்லாம் ஒரு தெரிஞ்ச ஆள் கையால சரி பண்ணிட்டு போங்க. நைலான் கம்பி போடற கிளாசிக்கல் கிட்டாருக்கு ஸ்டீல் கம்பிய மாட்டி விடற ஆளுங்களும் இருக்காங்க, அது இன்னும் கொடுமை, நைலானோட இழுவை ஸ்டீல்ல பாதிதான் இருக்கும், அந்த கிட்டார் ஸ்டீலை தாங்கவே தாங்காது.

உலோகத்துல, 80/20 பிரான்ஸ்னு ஒன்னு, 80 பங்கு செம்பு 20 பங்கு துத்தநாகம், பேருதான் பிரான்ஸ், சரியா சொன்னா அது பித்தளை. பார்வைக்கு தங்க மஞ்சளா இருக்கும், சத்தம் கணீர்னு வரும், ஆனா அந்த கணீர் சீக்கிரமே மங்கிடும். பாஸ்பர் பிரான்ஸ் செம்போட தகரமும் துளி பாஸ்பரசும் சேர்ந்தது, 1974ல டி'அடாரியோ கம்பெனி கிட்டார் கம்பிக்கு கொண்டு வந்தது, கொஞ்சம் செவப்பா இருக்கும், கீழ் சுருதி இதமா வரும், ரொம்ப நாள் தாங்கும். பாக்கெட்ல பாஸ்பர் பிரான்ஸ்னு போட்டுட்டு உள்ள வெளுத்த மஞ்சளா கம்பி இருந்தா அங்கயே சந்தேகப்படுங்க. கோட்டட் கம்பி டோனை கூட்டறதுக்கு இல்ல, வியர்வை உள்ள போகாம புதுசுல இருக்கற டோனை நீட்டிக்கறதுக்கு. கை அதிகமா வியர்க்கறவங்களுக்கு காசுக்கு தகுந்த பலன் உண்டு, மத்தவங்க சாதாரண கம்பிய அடிக்கடி மாத்தினாலே போதும்ங்கறது என் கருத்து. எலக்ட்ரிக் கிட்டார் செட்டை தலைல கட்டறாங்களான்னும் பாருங்க, 11, 12, 13 அக்கூஸ்டிக் செட்ல மூணாவது கம்பி சுத்து போட்டதா இருக்கும், எலக்ட்ரிக் செட்ல பெரும்பாலும் வெறும் கம்பிதான்.

இப்ப நான் வாங்கறப்ப பில்லுல கம்பெனி, கேஜ், உலோகம் மூணையும் எழுத சொல்லிடறேன். கவரை நானே பிரிக்கறேன். மாட்டறது வேற ஆளா இருந்தாலும் பக்கத்துலயே நிக்கறேன், வெட்டின துண்டை கேட்டு வாங்கிக்கறேன், ஏன்னா அந்த துண்டுதான் சாட்சி, அதோட நுனிய பிரிச்சு காந்தம் வச்சா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். கண்ணு முன்னாடி பிரிக்க மாட்டேன்னு சொல்ற கடையில எனக்கு வேலை இல்ல.

என் கிட்டார் பன்னெண்டு நாள் கழிச்சு வந்துச்சு. பிரிட்ஜை சூடு காட்டி முழுசா எடுத்து, பழைய பசைய சுரண்டி, திரும்ப ஒட்டி கிளாம்ப் போட்டு வச்சிருந்தாரு, பின் ஓட்டையில பிய்ஞ்ச மரத்தையும் அடைச்சு சரி பண்ணிட்டாரு. பழையபடி 11 பாஸ்பர் பிரான்ஸ் போட்டேன். முதல் ஜி கார்டு அடிச்சப்ப அந்த பழைய நாதம் அப்படியே திரும்பி வந்துச்சு, கண்ணு கலங்கிடுச்சு. ஆனா பலகையில அந்த மேடு முழுசா அமுங்கல, இனிமே அமுங்காதுன்னு சொல்லிட்டாரு.

சமீபத்துல யாராவது தடி கம்பி மாட்டி விட்டிருந்தா இன்னைக்கு ராத்திரியே பிரிட்ஜோட பின் ஓரத்துல ஒரு மெல்லிசு பேப்பரை விட்டு பாருங்க. உள்ள போச்சுன்னா வாசிக்காதீங்க, ஆறு கம்பியையும் தளர்த்தி விட்டுட்டு காலைல ரிப்பேர் பண்றவர்கிட்ட எடுத்துட்டு போயிடுங்க. முழுசா பிஞ்சு வர்ற வரைக்கும் விட்டா பலகையோட நாரையும் சேர்த்து உரிச்சுட்டு வரும், அப்புறம் வேலையும் பெருசு, செலவும் பெருசு.