ரெண்டரை வருஷமா எங்க டேபிள்ல ஓடுற ஆர்மர் ஹவுஸ் ரூல்: என் அனுபவம்

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கு ஒரு கேரக்டரா டைஸ் உருட்டி கதை ஆடுற கேம்) ஐந்தாம் எடிஷன், 2014 ரூல்ஸ். ஹவுஸ் ரூல்னா புத்தகத்துல இல்லாம நாங்களே வச்சுக்கிட்ட ரூல், இது ஆர்மர் போடக் கத்துக்கிறதுக்கு. வாரம் விட்டு வாரம் ஞாயித்துக்கிழமை ஆடுறோம், நான் தான் டிஎம், அதாவது கதையை நடத்துற ஆளு. ஃபைட்டர் (சண்டை வீரர்), கிளெரிக் (ஸ்பெல் போடுற பூசாரி), ரோக் (பதுங்கித் திரியுற ஆளு), விசார்ட் (மந்திரவாதி)னு நாலு பேர்.

இந்த கேம்ல பழக்கம் இல்லாத ஆர்மரை மாட்டுனா ஸ்ட்ரெங்த் (பலம்), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சம்பந்தப்பட்ட எல்லா ரோல்லயும் டிஸ்அட்வான்டேஜ், அதாவது ரெண்டு டைஸ் உருட்டி கம்மியானதை எடுக்கணும், அதோட ஸ்பெல்லே (மந்திரம்) போட முடியாது. சரி தான். ஆனா அதை கத்துக்கணும்னா வழி என்ன? ஒண்ணு வேற கிளாஸ் எடுக்கணும், இல்ல நாலாம் லெவல்ல, எட்டாம் லெவல்ல ஃபீட்னு ஒரு சிறப்புத் திறமை எடுக்கணும். நேத்து வரைக்கும் தெரியாது, லெவல் ஏறின காலைல எல்லாம் தெரியும். வருஷக்கணக்குல ஒரு கேரக்டரோட வாழுறவங்களுக்கு இது எனக்கு ரொம்ப வெறுமையா பட்டுச்சு, கத்துக்கிறதையும் நாம ஆடிப் பாக்கணும்னு தோணுச்சு.

முதல்ல 2017ல வந்த ஸனாதர்ஸ் கைடுங்கிற ரூல் புத்தகத்தோட டிரெய்னிங் ரூலை எடுத்தேன். மொழி, டூல் கத்துக்க பத்து வாரம், வாரத்துக்கு 25 கோல்டு, இன்டெலிஜென்ஸ் மாடிஃபையர் (கேரக்டரோட அறிவுக்கு கிடைக்கிற கூட்டல் எண்) எவ்வளவோ அத்தனை வாரம் குறையும். அதையே ஆர்மருக்கும் வச்சேன். தப்பு. புத்தகமும் கையுமா இருக்கிற எங்க விசார்ட் ஆறு வாரத்துல முடிப்பான், தினமும் சுவர் ஏறிக் குதிக்கிற ரோக்குக்கு பத்து வாரம்! அதுவும் போக எங்க கதைல மொத்தமாவே ஒண்ணரை மாசம் தான் ஓடியிருந்துச்சு, ஊரை காப்பாத்த ஓடிக்கிட்டிருக்கிறவன் பத்து வாரம் எங்க போய் உக்காருவான்.

அப்புறம் 1978ல வந்த ரூன்குவெஸ்ட்ங்கிற இன்னொரு கேம்ல இருக்கிற யோசனையை எடுத்தேன், ஒரு ஸ்கில்லை நிஜமா பயன்படுத்துனா ஒரு டிக், அந்த டிக் இருந்தா தான் பின்னாடி முன்னேற ரோல். எங்க ரூல் இப்படி ஆச்சு: ஆர்மரை போட்டுக்கிட்டு சண்டைல நின்னு எதிரி அடி உங்க மேல பட்டா ஒரு டிக், ஒரு நாளைக்கு ஒண்ணு தான். அஞ்சு டிக் சேந்ததும் டி20 (இருபது முக டைஸ்) கூட கான்ஸ்டிடியூஷன் (உடம்பு தாங்குற சக்தி) மாடிஃபையர், 15 வரணும், வரலேன்னா இன்னும் ஒரு டிக் வாங்கிட்டு திரும்ப உருட்டலாம். இப்படி மூணு படி: முதல் படி தாண்டுனா செக் (காரியம் முடியுதான்னு பாக்குற ரோல்), சேவிங் த்ரோல (ஆபத்துல இருந்து தப்பிக்கிற ரோல்) டிஸ்அட்வான்டேஜ் போயிடும், ரெண்டாவதுல அட்டாக் ரோல்ல போயிடும், மூணாவதுல தான் ஸ்பெல். ஆர்மர் வகைல லைட் தெரிஞ்சா தான் மீடியம், மீடியம் தெரிஞ்சா தான் ஹெவி. ஒரு நாளைக்கு ஒண்ணுங்கிற கணக்கு ஆரம்பத்துல இல்ல, அப்போ ஒரு பாதாள அறைல எலிகளை தேடிப் போய் கடி வாங்கி மூணு டிக் சேத்தாங்க, அன்னிக்கே அதை சேத்துட்டேன்.

இந்த ரூல் நிஜமா உயிர் பெத்தது கிளெரிக்கால தான். செத்துப்போன ஒரு நைட், அதாவது கவச வீரன், உடம்புல இருந்து பிளேட் ஆர்மர் கிடைச்சுச்சு, அது ஹெவி. கடைல வாங்குனா 1,500 கோல்டு, 65 பவுண்டு, கிட்டத்தட்ட 29 கிலோ. கிளெரிக்குக்கு மீடியம் ஆர்மரான ஸ்கேல் மெயில்ல ஏசி (ஆர்மர் கிளாஸ், அடி பட எதிரி உருட்ட வேண்டிய எண்) 15, பிளேட்ல 18. அந்த மூணு பாயிண்டுக்காக பிளேட் போட்ட சண்டைல ஸ்பெல் கிடையாதுன்னு தெரிஞ்சே போட்டார், பார்ட்டியும் 50 கோல்டு குடுத்து ஹீலிங் போஷன் வாங்கி வச்சுக்கிச்சு. அஞ்சாவது தடவையோ என்னவோ, ரோக் 35 அடி தள்ளி விழுந்துட்டான், ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு) பூஜ்யம். மத்த நாளா இருந்தா ஹீலிங் வேர்ட் ஸ்பெல், இருந்த இடத்துல இருந்தே ஒரு வார்த்தை, எழுப்பிருக்கலாம். பிளேட்டுக்கு 15 ஸ்ட்ரெங்த் வேணும், இவருக்கு 13, அதனால வேகம் 30 அடில இருந்து 20. டேஷ் பண்ணி, அதாவது அந்த டர்னை முழுசா ஓட்டத்துக்கே செலவழிச்சு, ஓடி பக்கத்துல போய் நின்னார், போஷன் குடுக்க ஆக்‌ஷன் இல்ல. ரோக் டெத் சேவ், அதாவது சாகாம தப்பிக்கிற ரோல், உருட்டுறான், 4, ஃபெயில். டேபிள்ல யாருமே பேசல. அடுத்த டர்ன்ல தான் வாய்ல ஊத்துனார். கிளெரிக்கோட கேரக்டர் ஷீட் மூலைல டிக்குக்காக பென்சில்ல அஞ்சு குட்டி வட்டம் இருக்கும், அழிச்சு அழிச்சு வரைஞ்சு பேப்பரே அந்த இடத்துல நைஞ்சு போச்சு. மூணு படியும் முடிக்க ஏழெட்டு மாசம் ஆச்சு.

நடுவுல ஒரு வருத்தமும் வந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். ஃபைட்டர் ஆடுற அண்ணன் ஒரு நாள் முடிஞ்சு கிளம்பும்போது, "தம்பி, என் ஆளு சின்ன வயசுல இருந்து கத்துக்கிட்டதை இவங்க நாலு அடி வாங்கி எடுத்துக்கிறாங்களே, அப்போ நான் எதுக்கு"ன்னார். கோபமா இல்ல, வருத்தமா கேட்டார், அதான் எனக்கு உறுத்துச்சு. அவர் கேட்டது நியாயம். அடுத்த செஷன்ல இருந்து ஆர்மர் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு ஷார்ட் ரெஸ்ட், ஒரு மணி நேரம், கூட உக்காந்து சொல்லிக்குடுத்தா தான் ஹெவிக்கு உருட்டவே முடியும், அப்படி சொல்லிக்குடுத்தா அட்வான்டேஜோட, ரெண்டு டைஸ்ல பெருசை எடுத்து, உருட்டலாம்னு மாத்துனேன். கான்ஸ்டிடியூஷன் +2 இருக்கிறவருக்கு 40 சதவீத வாய்ப்பு 64 ஆகுது, சும்மா இல்ல. அதுக்கப்புறம் பாக்கணுமே அந்த அண்ணனை, அதுவரைக்கும் சண்டை வந்தா மட்டும் பேசுற மனுஷன், "தோள் வாரை முதல்ல இறுக்காதீங்க, எடை இடுப்புல உக்காரட்டும்"னு கிளெரிக்குக்கு கேம்ப்ஃபயர் பக்கத்துல பாடம் எடுக்கிறார். என் மொத்த ரூல்ல உருப்படியான பகுதி எதுன்னு கேட்டா இந்த ஒரு வரியை தான் சொல்லுவேன்.

மத்ததெல்லாம் சுமார். ரோக் மீடியம் கத்துக்கிட்டதுல பெருசா பலன் இல்ல, டெக்ஸ் +4க்கு லைட் வகை ஸ்டடட் லெதர்லயே ஏசி 16, மீடியம் வகை பிரெஸ்ட்பிளேட்லயும் 16. ஷீல்டை தனியா ஒரு பாடமா வச்சதால அது தான் அவனுக்கு உதவுச்சு. விசார்டுக்கு மட்டும் கறாரா இருங்க, இந்த வழில லைட் வரைக்கும் தான். மேஜ் ஆர்மர் ஸ்பெல்லே ஏசி 13 கூட டெக்ஸ் குடுக்குது, அதனால லைட்டால எதுவும் கெடாது, ஆனா பிளேட் 18ல ஷீல்ட் ஸ்பெல் +5 சேந்தா 23, அப்புறம் சாதாரண எதிரி தொடுறதே ரொம்ப கஷ்டம். நாலஞ்சு செஷன்ல முடியுற கதைக்கும் இது வேண்டாம், வட்டம் நிரம்புறதுக்குள்ள கதை முடிஞ்சிடும், அங்க ஃபீட் தான் சரி.

போன மாசம் புது காம்பெயின் (தொடர் கதை) ஆரம்பிச்சோம், ஹெவிக்கு மட்டும் அஞ்சு வட்டத்தை ஏழா ஆக்கிருக்கேன். ரெண்டு செஷன் ஆச்சு, ஒருத்தர் ஷீட்ல ஒரு வட்டம் நிரம்பியிருக்கு. அந்த அண்ணன் இந்த தடவை விசார்ட் ஆடுறார், லெதர் மாட்டத் தெரியாத ஆளா.